பிரேக்கக்காவும் தூங்கிப்போன மாத்திரையும்

எங்கள் ஊரில் ஒழுங்காகக் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் பிரேக்கக்காவிடம் கற்றுக்கொண்டவர்கள். நானும் அதில் சேர்த்தி. டிரைவிங் ஸ்கூல் காரில் கற்றுக்கொடுப்பவர் உட்காரும் பக்கமும் காலடியில் ஒரு பிரேக் இருக்கும். அக்காவின் வலது கால் அதில்தான் குடியிருந்தது. நாம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, என்னமோ ஊரையே நாம்தான் நகர்த்துகிறோம் என்ற மிதப்பில் போய்க்கொண்டிருப்போம். திடீரென்று வண்டி தானாக நிற்கும். திரும்பிப் பார்த்தால் அக்கா ஒன்றுமே தெரியாத மாதிரி வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார்.

"ஒரு நாய் போச்சு. நீ அதைப் பாக்கல. பரவால்ல, அதுவும் உன்னைப் பாக்கல" என்பார்.

திட்டு அவ்வளவுதான். ஆனால் அதற்கப்புறம் ஒரு வாரத்துக்கு நம் கண்ணுக்கு நாயைத் தவிர வேறெதுவும் தெரியாது.

அப்போது அவருக்கு ஐம்பது தாண்டியிருந்தது. ஆள் குள்ளம், குரல் நெட்டை. ஸ்கூல் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மருந்துக்கடைக்கும் சலவைக்கடைக்கும் நடுவில் ரயில்பெட்டி மாதிரி ஒரு நீள அறை. சுவரில் சாலைக் குறிகள் வரைந்த பலகை, மூலையில் முனகும் ஃபேன், மேசைமேல் தெருக்களும் ரவுண்டானாவும் வரைந்த ஒரு பெரிய அட்டை. அந்த அட்டைமேல் பொம்மைக் கார்களை வைத்து, யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்று அக்கா பாடம் எடுப்பார். ஸ்கூலுக்கு மேல்மாடியில் வீடு. அவர் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவர். பேச்சு குறைவு. ஒரு வார்த்தை வெளியே வருவதற்கு முன் அதையும் உள்ளே தேய்த்து, பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார் போல.

இனி பல் டாக்டரைச் சொல்ல வேண்டும். அவர் அக்காவின் மாணவர்களிலேயே பழையவர், ஏனென்றால் அவர் மட்டும் பாஸாகாமலே இருந்தார். க்ளினிக்கில் கடைவாய்ப் பல்லைப் பூப் பறிப்பது மாதிரி எடுக்கிறவர். காரில் ஏறினால் மட்டும் கை நடுங்கும். ஒவ்வொரு தேர்விலும் வேறு வேறு தப்பைச் செய்து, தோல்வியிலாவது ஒரு புதுமை காட்டினார்.

ஒரு நாள் காலை, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருக்கும் ஆளரவமற்ற ரோட்டில் இருவரும் போய்க்கொண்டிருந்தார்கள். இடது பக்கம் திரும்பு என்று அக்கா சொன்னார். வெளியே வந்தது வேறு என்னமோ. டாக்டர் அதைப் புதுவிதமான பரீட்சை என்று நினைத்துக்கொண்டு நேராகவே போனார். அக்கா மறுபடி சொன்னார். வாயில் பஞ்சு வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. அந்த மாதிரிப் பேச்சை நாள் முழுக்கக் கேட்கிற மனிதர் அவர். ஆனால் அக்கா வாயில் பஞ்சு இல்லையே. அதற்குள் அக்கா கையிலிருந்த தண்ணீர் பாட்டில் நழுவி விழுந்தது. டாக்டர் வண்டியை ஓரங்கட்டினார்.

"அக்கா, கொஞ்சம் சிரிங்க."

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. பாடம் படிக்க வந்தவன் பாதி ரோட்டில் நிறுத்திச் சிரிக்கச் சொல்கிறானே என்று திட்டினார். திட்டும் குழறியது. திட்டும்போது டாக்டர் அக்காவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இடது ஓரம் மேலே போகிறது, வலது ஓரம் தொங்கிக்கொண்டிருக்கிறது. இரண்டு கையையும் தூக்கச் சொன்னார். வலது கை பாதி வழியில் திரும்பி இறங்கிவிட்டது.

அதற்கப்புறம் நடந்ததை டாக்டர் இன்றைக்கும் யாராவது கேட்டால் எழுந்து நின்றுதான் சொல்வார். ஆஸ்பத்திரி ஊரின் மறுகோடியில். நடுவில் மார்க்கெட், ஒரு பாலம், இரண்டு சிக்னல். அக்காவின் வலது காலும் தளர்ந்துவிட்டதால் அந்த வண்டியின் சரித்திரத்திலேயே முதல் முறையாக ஒரே ஒரு பிரேக்தான் வேலையில் இருந்தது. வழி நெடுக அக்கா அவருக்குக் கட்டளை போட்டுக்கொண்டே வந்தார். ஒரு சொல்லும் புரியவில்லை. புரிந்திருந்தால் பதறி எங்கேயாவது மோதியிருப்பேன், புரியாததால்தான் பிழைத்தோம் என்பார் டாக்டர். வண்டி ஒரு தடவைகூட ஆஃப் ஆகவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி, அக்காவைச் சக்கர நாற்காலியில் ஏற்றி உள்ளே அனுப்பிய பிறகு, இண்டிகேட்டரைப் போடாமல் திரும்பினோமே என்று நினைவு வந்து வருத்தப்பட்டாராம்.

வந்தது ஸ்ட்ரோக். பக்கவாதம் என்று நாம் சொல்வது. மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் ஒன்றில் அடைப்பு. சின்ன அடைப்பு, அதுவும் சீக்கிரம் வந்து சேர்ந்ததால் பெரிய சேதம் இல்லை. ரத்த அழுத்தம் பல வருஷமாகவே எகிறிக் கிடந்திருக்கிறது, யாரும் பார்க்கவில்லை. அக்காவின் அப்பாவும் இதில்தான் போனார். அத்தை ஒருவரும் இதில்தான் படுத்தார். அதனால் வீட்டில் ஒருவருக்கும் ஆச்சரியம் இல்லை, பயம் மட்டும் இருந்தது. எங்கள் வீட்டில் இது பரம்பரைச் சொத்து, மூத்தவளுக்கு முதல் பங்கு வந்திருக்கிறது என்றார் அக்காவின் தம்பி. அவருக்கு ஏற்கெனவே நெஞ்சுவலி வந்து, இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தது.

சில வாரங்களில் பேச்சு திரும்பியது. கையும் திரும்பியது. தினம் போட மாத்திரைகள் கொடுத்தார்கள். பிரஷருக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று, ரத்தம் கட்டியாகி மறுபடி குழாயை அடைத்துவிடாமல் இருக்க ஒன்று. இந்தக் கடைசி மாத்திரையின் பெயர் குளோபிடோக்ரல். பேச்சு திரும்பியதும் அக்கா அந்தப் பெயரைத்தான் சொல்லிச் சொல்லிப் பழகினார். அதைச் சொல்லத் தெரிந்தால் வேறு எதையும் சொல்லிவிடலாம் என்று கணக்கு. பிறகு அலுத்துப்போய் 'குளோபி' என்று சுருக்கிக்கொண்டார். தம்பியும் ஸ்டென்ட் வைத்த நாளிலிருந்து அதே குளோபிதான்.

இங்கேதான் அக்காவின் பழைய கேஸ் ஒன்று தூசி தட்டி எடுக்கப்பட்டது.

அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே மாத்திரை என்றால் ஆகாது. நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு, தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு, மாத்திரையை ஜன்னல் சட்டத்துக்குப் பின்னால் துப்பிவிடுவார். ஒருமுறை வெள்ளையடிக்க ஜன்னலைக் கழற்றியபோது வரிசையாகக் கலர் கலராக மாத்திரைகள் உட்கார்ந்திருந்தனவாம். காட்டிக்கொடுத்தது தங்கை. தங்கை இப்போது ஒரு பெண்கள் பள்ளியில் தலைமையாசிரியை. யார் என்ன சொன்னாலும் முதலில் அது பொய், பிறகு விசாரித்துப் பார்த்தால் பாதி பொய் என்பது அவருடைய அனுபவம். அக்கா மாத்திரையை முழுங்குவார் என்று அவர் நம்பவில்லை.

அக்காவோ இந்தத் தடவை உண்மையாகவே முழுங்கினார். பயத்தில் முழுங்கினார். மறுபடி ஒன்று வந்தால் லைசென்ஸ் போய்விடும், லைசென்ஸ் போனால் காலுக்கு வேலை போய்விடும். ஆனால் இதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள்? தங்கை ஒரு ஏற்பாடு செய்தார். தினமும் மாத்திரை போடும்போது கணவர் போனில் வீடியோ எடுக்க வேண்டும். மாத்திரை வாய்க்குள் போவது, தண்ணீர் குடிப்பது, கடைசியில் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டுவது, மூன்றும் அதில் இருக்க வேண்டும். அதைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டும். தம்பி அந்த குரூப்புக்கு 'நாக்கு' என்று பெயர் வைத்தார்.

கணவருக்கு இதில் விருப்பமில்லை. ஆனால் எடுத்தார். லென்ஸ் வேலைக்காரர் இல்லையா, ஃபோகஸ் பிசகாது. ஒவ்வொரு காலையும் அக்கா நாக்கைத் தூக்கினார், தம்பி கட்டைவிரல் போட்டார், தங்கை ஒன்றும் போடவில்லை. தங்கை ஒன்றும் போடாமலிருந்தால் சந்தேகம் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம்.

சில மாதம் கழித்து அக்காவுக்குப் பல்வலி. போனது நம் பல் டாக்டரிடம்தான். குளோபி சாப்பிடுகிறவர்களுக்குப் பல்லை எடுத்தால் ரத்தம் லேசில் நிற்காது. அதனால் டாக்டர் கட்டுவதற்கும் தைப்பதற்கும் என்னென்னவோ எடுத்து வைத்துக்கொண்டு, நர்ஸையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். பல் வந்தது. ரத்தமும் கொஞ்சம் வந்தது, சமர்த்தாக நின்றுவிட்டது. எடுத்து வைத்ததெல்லாம் அப்படியே இருந்தது. டாக்டர் தலையைச் சொறிந்தார். வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டிருந்த அக்காவிடம் மெதுவாகக் கேட்டார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. அந்த மாத்திரை... போடுறீங்கல்ல?"

அக்கா பார்த்த பார்வையில் அவர் இரண்டடி பின்னால் போனார். பாவம், அவருக்கு என்ன தெரியும். வெளியே காத்திருந்த தங்கைக்குக் கதவு வழியாக அது காதில் விழுந்துவிட்டது. அதற்கப்புறம் வீடியோவில் நாக்கை இரண்டு பக்கமும் அசைத்துக் காட்ட வேண்டும் என்று புது விதி வந்தது.

இந்த நாட்களைப் பற்றி அக்கா என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஒரு இடத்தில் மட்டும் சிரிப்பு நின்றது. எல்லோரும் சொல்லிச் சொல்லி அவருக்கே சந்தேகம் வந்துவிட்டதாம். மாத்திரையை முழுங்கிய பிறகு, வீடியோவும் எடுத்து முடிந்த பிறகு, குளியலறைக் கண்ணாடி முன்னால் தனியாக நின்று வாயைத் திறந்து பார்ப்பாராம். "பொய் சொல்றவளைப் பாக்கிற மாதிரி என்னையே பாத்துக்கிட்டேன்" என்றார்.

மறுபடியும் வந்தது. இந்தத் தடவை ஸ்கூல் அறையிலேயே. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு ரவுண்டானா பாடம் நடந்துகொண்டிருந்தது. அக்கா சிவப்புப் பொம்மைக் காரை எடுத்து வட்டத்துக்குள் விட்டார், அது அவர் விரலைவிட்டு உருண்டு மேசைக்குக் கீழே போனது. எடுக்கக் குனிந்தவருக்குக் கை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. சொல்ல வந்த சொல் வரவில்லை. அந்தப் பெண் மாடிக்கு ஓடிப்போய் கணவரைக் கூட்டிவந்தது. அவர் ரோட்டுக்கு ஓடி வாடகை வண்டி தேடினார். ஒரு வண்டியும் நிற்கவில்லை. கடைசியில் ஒன்று கிடைத்து ஏறும்போது அக்காவின் கை திரும்பிவிட்டது, பேச்சும் திரும்பிவிட்டது. வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. இப்படி வந்து போவதை அலட்சியப்படுத்தவே கூடாது, அடுத்து பெரிதாக வரும் என்பதற்கான முன்னறிவிப்பு அது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அதனால் வீடு திரும்பாமல் நேராக ஆஸ்பத்திரிக்கே போனார்கள்.

நரம்பியல் டாக்டர் ஒரு இளம்பெண். தலைமுடியை ஒரு பேனாவால் செருகிக்கொண்டு, பேனா எங்கே என்று தேடுகிற ஆள். ஸ்கேன் எல்லாம் முடிந்து அவர் வந்தபோது அக்காவின் அறையில் குடும்பமே கூடியிருந்தது. அக்கா கட்டிலில். கணவர் கால்மாட்டில். தம்பி ஜன்னலோரம். தங்கை பள்ளியிலிருந்து நேராக வந்திருந்ததால், எல்லோரும் அவருடைய மாணவிகள் மாதிரி நின்றார்கள்.

டாக்டர் கேட்பதற்கு முன் தங்கையே ஆரம்பித்தார். இவளுக்குச் சின்ன வயதிலிருந்தே மாத்திரையைத் துப்புகிற பழக்கம் உண்டு, ஜன்னல் சட்டம், பல் டாக்டர் கேட்ட கேள்வி, எல்லாவற்றையும் கோர்வையாகச் சொன்னார். முழுங்குவது மாதிரி நடித்துவிட்டு வீடியோவுக்கு அப்புறம் துப்புகிறாள் என்பது அவருடைய தீர்ப்பு. தம்பியும் தயங்கித் தயங்கித் தலையாட்டினார். நானும் அதே மாத்திரைதான் சாப்பிடுகிறேன், எனக்கு ஒன்றும் வரவில்லையே என்றார்.

அக்காவுக்கு வாயைத் திறந்தால் மறுபடி குழறுமோ என்று பயம். சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

அப்போது கணவர் பையிலிருந்து போனை எடுத்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, எதையோ தேடி, டாக்டரிடம் நீட்டினார்.

"அவ முழுங்கினா டாக்டர். தினமும் முழுங்கினா. நான் பாத்தேன்."

அதைவிட நீளமாக அவர் யாரிடமும் பேசி நாங்கள் கேட்டதில்லை. டாக்டர் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஒரு நாக்கு, இன்னொரு நாக்கு, காலை வெயிலில் ஒன்று, மழைநாளில் லைட்டைப் போட்டு ஒன்று. இப்படி ஒரு ஆதாரத்தை எந்த நோயாளியும் கொண்டுவந்ததில்லை என்று டாக்டர் சிரித்துவிட்டார். அக்கா சுவரிலிருந்து முகத்தைத் திருப்பிக் கணவரைப் பார்த்தார். அவர் அதற்குள் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

சிரித்து முடித்த டாக்டர், பல் டாக்டர் விஷயத்தை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். வயிற்றெரிச்சலுக்கு வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா, சிலது இதனுடைய வேலையைக் கெடுக்கும் என்றார். இல்லை. பிரஷர் இப்போது கட்டுக்குள் இருந்தது. கழுத்துக் குழாய், இதயத் துடிப்பு எல்லாம் பார்த்தாகிவிட்டது, புதிதாக எதுவும் இல்லை. பல்லில் ரத்தம் சீக்கிரம் நின்றதை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது, ஆனால் ஒரு கேள்வி கேட்க அது போதும் என்றார். பிறகு தங்கையைப் பார்த்துச் சொன்னார்.

"இவங்க மாத்திரையை முழுங்கியிருக்காங்க. அது வேலை செஞ்சுதாங்கிறதுதான் சந்தேகம். குளோபிடோக்ரல் உள்ள போறப்ப தூங்கிக்கிட்டேதான் போகும். கல்லீரல்ல ஒரு என்சைம் இருக்கு, அது மாத்திரையை மாத்தி எழுப்பிவிட்டாத்தான் அது ரத்தத்துல வேலை பாக்கும். அந்த என்சைமை எப்படிச் செய்யணும்னு ஒரு ஜீன் சொல்லுது. சிலபேருக்குப் பிறவியிலேயே அந்த ஜீன்ல மாற்றம் இருக்கும். அவங்க எவ்வளவு ஒழுங்கா முழுங்கினாலும் மாத்திரை சரியா முழிக்காது."

அக்கா முதல் முறையாக வாயைத் திறந்தார். சொல் தெளிவாக வந்தது.

"அப்ப எனக்குள்ள போயி, நல்லாத் தூங்கிட்டு, அப்படியே வெளிய போயிடுதா?"

"கிட்டத்தட்ட. டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாம்."

கன்னத்தின் உட்புறத்தில் ஒரு பஞ்சுக் குச்சியைத் தேய்த்து எடுத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான் டெஸ்ட். இத்தனை மாதம் நாக்கைத் தூக்கியதற்கு இது எவ்வளவோ தேவலை என்றார் அக்கா.

முடிவு வந்தபோது மறுபடி எல்லோரும் கூடினார்கள். நம் உடம்பில் ஒவ்வொரு ஜீனும் இரண்டு பிரதி இருக்கும், அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. ஒரு பிரதியில் இந்த மாற்றம் இருப்பவர்கள் உலகத்தில் நிறையப் பேர், அவர்களுக்கு மாத்திரை அரைகுறையாக வேலை செய்யும். அக்காவுக்கு இரண்டு பிரதியிலும் மாற்றம். குளோபி அவர் உடம்பில் கண்ணே விழித்திருக்காது.

"அம்மாவும் அப்பாவும் எதுலயும் ஒத்துப்போனதே இல்ல. இதுல மட்டும் ஒத்துப்போயிருக்காங்க" என்றார் அக்கா.

தங்கை முகத்தில் ஈயாடவில்லை. பள்ளியில் யாரையாவது தப்பாகத் தண்டித்துவிட்டால் அவர் என்ன செய்வார் என்று தெரியாது. இங்கே கொஞ்ச நேரம் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு, "சரி. முழுங்கியிருக்கே" என்றார். அக்காவைக் கேட்டால், அந்த வாயிலிருந்து அதற்குமேல் ஒரு மன்னிப்பு வராது, அது வந்ததே அதிசயம் என்பார். வீட்டுக்குப் போகும் வழியில் தங்கை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாராம், விடவே இல்லையாம்.

அப்பாவுக்கு வந்தது, அத்தைக்கு வந்தது, எனக்கு வந்தது, அப்படியென்றால் ஸ்ட்ரோக் வந்ததற்கும் இந்த ஜீன்தான் காரணமா என்று அக்கா கேட்டிருந்தார். டாக்டர் பொறுமையாகப் பதில் சொன்னார். இந்த ஜீன் ஸ்ட்ரோக்கைக் கொண்டுவரவில்லை, மாத்திரையை முடக்கியது மட்டும்தான் இதன் வேலை. ஒரே ஒரு ஜீன் கோளாறால் தலைமுறை தலைமுறையாக ஸ்ட்ரோக் வரும் குடும்பங்கள் உண்டு, ஆனால் அவை அபூர்வம். மற்றபடி நிறைய ஜீன்கள் சேர்ந்து ஆளுக்குக் கொஞ்சம் தள்ளிவிடும். பிரஷர், சர்க்கரை, புகை, உப்பு, இதெல்லாம்தான் பள்ளத்தைத் தோண்டி வைக்கும். தள்ளுவதை நிறுத்த முடியாது, பள்ளத்தை மூடலாம் என்றார்.

மாத்திரையை மாற்றினார்கள். புது மாத்திரையை யாரும் எழுப்பிவிட வேண்டாம், விழித்துக்கொண்டேதான் உள்ளே போகும். பெயர் டிகாக்ரிலார். அக்கா கொஞ்சமும் யோசிக்காமல் அதை 'டிக்கி' ஆக்கிவிட்டார். கார்க்காரிக்கு வேறெப்படி வாயில் வரும். டிக்கிக்கும் ஒரு குணம் இருந்தது. மாடிப்படி ஏறினால் லேசாக மூச்சு வாங்கும், மேசை முனையில் கை இடித்தால் நீலம் பாரித்துவிடும். இரண்டு வேளை போட வேண்டும். முன்பே சொல்லிவிட்டதால் அக்கா பயப்படவில்லை. அந்த நீலத்தைப் பல் டாக்டரிடம் போய்க் காட்டினார். மாத்திரை வேலை செய்கிறது பார் என்று காட்டினாரா, அன்றைக்கு நீ கேட்ட கேள்விக்குப் பதில் பார் என்று காட்டினாரா தெரியாது. டாக்டர் கையெடுத்துக் கும்பிட்டாராம்.

அடுத்தது தம்பி. கூடப் பிறந்தவர், அதே குளோபியைச் சாப்பிடுகிறவர் என்பதால் அவரையும் பார்த்துவிடச் சொன்னார் டாக்டர். தான்தான் வீட்டிலேயே மாதிரி நோயாளி என்று அதுவரை அவருக்கு ஒரு பெருமை. பார்த்தால் அவருக்கு ஒரு பிரதியில் மாற்றம். இதய டாக்டர் கலந்து பேசி அவருக்கும் மாத்திரையை மாற்றினார். இவ்வளவு நாள் பாதி மாத்திரைதான் வேலை செய்திருக்கிறது, அதற்கே கட்டைவிரல் போட்டுக்கொண்டிருந்தாயே என்று அக்கா குரூப்பில் எழுதினார்.

தம்பியின் முடிவைக் கேட்க எல்லோரும் டாக்டரிடம் போயிருந்த அன்று தங்கைக்கும் டெஸ்ட் எடுக்க ஆசை வந்தது. அவர் இந்த மாத்திரையே சாப்பிடாததால் இப்போது தேவையில்லை, என்றைக்காவது தேவைப்பட்டால் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். விசேஷத்துக்கு அழைக்கப்படாதவர் மாதிரி தங்கை முகம் வாடியது. உங்களுக்கு வேறொன்று பார்க்கிறேன் என்று டாக்டர் அங்கேயே கையில் பட்டையைக் கட்டிப் பிரஷர் பார்த்தார். பார்த்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். பிறகு, ஏற்கெனவே யாராவது மாத்திரை கொடுத்திருக்கிறார்களா என்று கேட்டார்.

தலைமையாசிரியை கைப்பையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். கொடுத்திருக்கிறார்கள். பல வருஷம் முன்பு. பள்ளி வேலையில் மறந்துபோய், பிறகு தலைவலி இல்லையே என்று நிறுத்திவிட்டிருக்கிறார்.

அக்கா அன்றைக்கு நடந்துகொண்டதை நான் பாராட்டுவேன். குதிக்கவில்லை, குத்திக்காட்டவில்லை. மெதுவாக நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "நாக்கு குரூப்பை மூடிடாதீங்க" என்று மட்டும் சொன்னார். கணவர் தோள் சிரிப்பில் குலுங்குவதைத் தம்பி பார்த்திருக்கிறார். மறுநாள் காலையிலிருந்து குரூப்பில் வேறொரு நாக்கு. ஃபோகஸ் சரியில்லை என்று கண்ணாடிக்காரர் மட்டும் ஒருமுறை குறை எழுதினார்.

எட்டு மாதம் அக்காவுக்கு ஒன்றும் வரவில்லை. டாக்டர் திருப்தியானார். இரண்டாவது தடவை வந்ததும் அக்கா பயிற்சி கொடுப்பதை நிறுத்திவைத்திருந்தார்கள்; மறுபடி அனுமதி வேண்டுமென்றால் இன்ஸ்பெக்டர் முன்னால் அக்காவே ஓட்டிக் காட்ட வேண்டும் என்று விதி. ஊருக்கே கற்றுக்கொடுத்தவர் தேர்வுக்கு நிற்கிறார் என்று நாங்கள் சிலர் மைதானத்தின் வேலியோரம் கூடிவிட்டோம். இன்ஸ்பெக்டர் புதிது, இளைஞர். வண்டியில் ஏறி உட்கார்ந்து, கிளப்புங்கள் என்றார். வண்டி கிளம்பவில்லை. மறுபடி சொன்னார். கிளம்பவில்லை. அக்காவுக்கு மறந்துவிட்டதோ, கை வரவில்லையோ என்று வேலியோரம் நாங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தோம். பிறகுதான் தெரிந்தது, இன்ஸ்பெக்டர் சீட் பெல்ட் போடவில்லை. அவர் போடும்வரை அக்கா சாவியைத் திருப்புவதாக இல்லை. அசடு வழியப் போட்டுக்கொண்டார். அதற்கப்புறம் அக்கா ஓட்டியது நூல் பிடித்த மாதிரி. ரிவர்ஸில் எட்டுப் போட்டபோது இன்ஸ்பெக்டர் குறிப்பெழுதுவதை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அனுமதி வந்த அன்று சாயங்காலம் கணவர் கடையிலிருந்து சீக்கிரமே வந்தார். டீ குடித்து முடித்து, தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, எனக்கு ஓட்டக் கற்றுக்கொடு என்றார். இத்தனை வருஷம் டிரைவிங் ஸ்கூலுக்கு மேலேயே குடியிருந்துகொண்டு சைக்கிளில் போய்வந்த மனிதர்.

"இப்ப என்ன திடீர்னு?" என்றார் அக்கா.

"அன்னிக்கு ரோட்டுல நின்னு கையைக் காட்டிக்கிட்டே இருந்தேன். ஒருத்தனும் நிக்கல."

"இனிமே வராதுங்க. டிக்கி இருக்குல்ல."

"இருக்கட்டும். இருந்தாலும்."

அக்கா எழுந்துபோய் சாவியை எடுத்துவந்தார்.

முதல் நாள் வண்டி நகரவே இல்லை. கணவர் உட்கார்ந்ததும் முன்கண்ணாடியில் கறை இருக்கிறது என்று துடைத்தார். பிறகு பக்கக் கண்ணாடிகள். பிறகு பின்னால். பிறகு உள்ளே இருக்கும் சின்னக் கண்ணாடியைத் திருப்பித் திருப்பி, கோணம் சரியில்லை என்று கழற்றியே பார்த்துவிட்டார். பாடம் அதோடு முடிந்தது. இப்போது விடுமுறை நாள் காலைகளில் அவர்களை மைதானத்தில் பார்க்கலாம். வண்டி நடக்கிற வேகத்தில் போகும், பக்கத்தில் நடப்பவர்கள் முந்திக்கொண்டு போய்விடுவார்கள். மற்ற மாணவர்களிடம் ஒரு வரியில் முடிகிற திட்டு இவருக்கு மட்டும் ஒரு பக்கத்துக்கு நீளுகிறது. அவரும் இறங்கியதும் பதிலுக்குப் பதில் பேசுகிறாராம், அவ்வளவு வார்த்தை அவரிடம் இருந்ததே அக்காவுக்கு இப்போதுதான் தெரியுமாம். வீட்டுக்குப் போனால் மத்தியானம்வரை இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. போன வாரம் ரிவர்ஸ் ஆரம்பித்திருக்கிறார்கள்.